வெள்ளியங்கிரியும் இரண்டு பனிக்காலப் பூச்சிகளும்

“இந்த ஊருக்கு வந்ததுல இருந்து எந்த விஷயத்துக்காச்சும் ரெண்டாவது ஆளக் கேட்டிருப்பனா? சொல்லுங்க பாப்போம்!”

1998 பொங்கல் விழாவில், அமெரிக்காவின் எடிசன் ஊர்ப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில், பேப்பர் தட்டை ஏந்தியபடி வெள்ளியங்கிரி விடுத்த அறைகூவல் இது. மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. வாய் நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

உண்மையிலேயே அவர் கேட்டதில்லை. கோயம்புத்தூர்க்காரர், பக்கத்து ஊரான ஐசலினில் ஒற்றை பெட்ரூம் அபார்ட்மெண்டின் ஏக சக்கரவர்த்தி. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் எந்தெந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் படுத்துக்கொள்ளும் என்று தேடுவது உத்தியோகம். சோபாவைத் தனியாகவே மாடி ஏற்றிவிட்டு, அதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். ஊரிலிருந்து வந்த ஜாதகங்களுக்குத் தாமே பொருத்தம் பார்த்து, தாமே நிராகரித்தார். கடைசி ஜாதகம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளி மாலை ஆபீஸில் ‘குட் நைட்’ சொன்னால் அடுத்த பேச்சு திங்கள் காலை ‘குட் மார்னிங்’தான். இடையில் நாக்குக்கு விடுமுறை.

அந்த வருஷக் கார்த்திகைக்குப் பால்கனியில் அகல் ஏற்றினார். மனிதர்களே வெளியே தலைகாட்டாத குளிரில், சாம்பல் நிறப் பூச்சிகள் நாலைந்து வந்து விளக்கைச் சுற்றின. பனிக்காலத்தில் பூச்சி எங்கிருந்து வரும்? மேதைக்கு ஒரே விடைதான் தோன்றியது: அரிசி மூட்டை. மறுநாள் பொன்னி அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு அதை வாங்கிய ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையிலேயே இறக்கினார்.

கல்லாவிலிருந்த புஷ்பவல்லி மூட்டைக்குள் கைவிட்டுக் கிளறினாள். “அரிசி நல்லாத்தான இருக்கு அங்கிள்? அரிசிப் பூச்சி இந்தக் குளிர்ல வெளிய பறந்தா செத்தே போயிடும். இது வேற ஏதோ. யாரையாவது கேட்டுப் பாருங்களேன்.”

‘அங்கிள்’ மூட்டையைவிடக் கனத்தது. “எனக்கெதுக்கு ரெண்டாவது ஆளு?” என்றார்.

பின்னால் கறிவேப்பிலையோடு நின்றவர் சிரித்தார். எதிர் ஃபிளாட் செல்வராஜ். பூச்சி ஆராய்ச்சி லேபில் வேலை. “நீங்க கேக்கவே வேணாம் சார். நானே வர்றேன். காபி உண்டுல்ல?”

சாயங்காலம் வந்தார். பால்கனி விளக்கடியில் இரண்டு பூச்சிகள் சுவரில் ஒட்டியிருந்தன.

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

“இல்ல சார், வேற வேற. ரெக்கை ஓரத்துல, நுனிகிட்ட வெள்ளைத் திட்டு இருக்கா? இது கேங்கர்வார்ம்னு ஒரு இனம். திட்டு இல்லாம, மெல்லிசா, அலை அலையா கோடு ஓடுதே, அது ப்ரூஸ்னு இன்னொரு இனம். ரெண்டும் ஆம்பளை. பொம்பளைக்கு ரெக்கையே கிடையாது, மரத்துலயே உக்காந்திருக்கும். இதுங்கதான் தேடிக்கிட்டு குளிர்ல அலையும்.”

“பைத்தியக்காரப் பயலுக” என்றார் வெள்ளியங்கிரி. யாரைச் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம்.

செல்வராஜ் தினமும் வரத் தொடங்கினார். பூச்சிக்குப் பத்து நிமிஷம். மிச்ச நேரம் மாமியார் விசா, மதுரை வெயில், மேனேஜரைத் திட்டுதல். சிங்க்கில் இரண்டு டம்ளர் கிடப்பதை வெள்ளியங்கிரி உடனே கழுவாமல் விட்டு வைத்தார்.

ஆனால் மேதையால் எத்தனை நாள் அடங்கியிருக்க முடியும்? ஒருநாள் செல்வராஜ் வாய் திறக்கும் முன்பே சுட்டிக்காட்டினார்: “கேங்கர்வார்ம், ப்ரூஸ், ப்ரூஸ், கேங்கர்வார்ம். சரிதானுங்களே? இனி எனக்கு ஆளே வேண்டாம்!”

“பாஸாயிட்டீங்க சார்!” செல்வராஜ் கை கொடுத்தார். “இனிமே நான் எதுக்கு? நல்லா பனி விழுந்தா இதுங்களும் போயிடும்.”

சொன்னதைச் செய்கிற மனிதர். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சுவரிலிருந்த பூச்சிகளைத் திட்டுள்ளது, திட்டில்லாதது என்று பிரித்துப் பரீட்சை எழுதி, தமக்குத் தாமே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டார் வெள்ளியங்கிரி. தாளைக் காட்டத்தான் யாரும் இல்லை. டிவி, நாளை மறுநாள் பனி என்றது.

அன்று மாலை கண்ணாடிக் கதவில் ஒரே ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. சிறகோரத்தில் வெள்ளைத் திட்டு, சுண்ணாம்பு வைத்தாற்போல. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

வெள்ளியங்கிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பால் சுட வைத்துவிட்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

“செல்வராஜ், ஒரு பூச்சி வந்திருக்குதுங்க. எதுன்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாத்துச் சொல்றீங்களா?”