ஒரே ஊசி என்று சொன்னவன்

சவரிராயன் எனக்குச் சித்தி மகன். என் அம்மாவுக்கு நேர் இளையவள் அக்னஸ் சித்தி. அவளுக்குக் கடைசிப் பிள்ளை இவன். கல்லறைச் சிலுவைகளில் பெயர் எழுதுவது தொழில். மன்னார்புரத்தில் குடித்துவிட்டு நடந்த சண்டையில் ஒருவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பத்து வருஷம் தண்டனை.

உள்ளேயும் எழுத்து அவனை விடவில்லை. செருப்பை எரித்த கரியும் தையல் ஊசியுமாக, கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளை பெயரைக் கையில் பச்சை குத்திவிடுவான். சிறையில் அது குற்றம். ஒளித்துத்தான் செய்தார்கள்.

அவன் பிளாக்கில் ஒருவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, அந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலிருந்து ஓர் அம்மா வந்தாள்.

"விருப்பப்பட்டவங்க ரத்தம் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஒருவனும் எழவில்லை. எழுந்தால், இவனும் அவனோடு படுத்தவன் என்று பேச்சு வரும்.

உண்மையில் படுத்தவன் சின்னையா. லால்குடிக்காரன், அடுத்த மாதம் விடுதலை. குழாயடியில் சவரிராயனிடம் அழுதான்.

"வரிசையில நின்னா மானம் போயிடும்ண்ணே."

"வீட்ல மயிலம்மா காத்துக்கிட்டிருக்கே. அதுக்கும் குடுக்கப் போறியாடா?"



மறுநாள் காலை ஆள் எண்ணும்போது, வார்டர் முன்னாலேயே சவரிராயன் சொன்னான்: "நான் குத்துன பச்சை எல்லாம் ஒரே ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கும் அதேதான். எல்லாரும் போய்ப் பாத்துக்குங்க."

அடி விழுந்தது.

"கல்லறைக்குப் பேர் எழுதுறவன்தானே, நமக்கு முன்கூட்டியே எழுதிட்டான்" என்று ஒருவன் சிரித்தான். சிரித்தவனும் வரிசையில் நின்றான். மொத்தம் இருபத்திரண்டு பேர். நடுவில் சின்னையா. அவனுக்கு இருந்தது.

மனைவி மயிலம்மாளிடம் ஊசியால் வந்தது என்றே சொன்னான். அவள் ஊசிக்காரனைச் சபித்துக்கொண்டே இன்றும் வேளை தவறாமல் அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். உறை இல்லாமல் சேர்வதில்லை. அவளுக்கு நோய் இல்லை.

மகள் ஃபெமினாவின் கல்யாணத்துக்கு என்று சவரிராயனுக்கு வந்திருந்த பரோல் ரத்தானது. அவளைக் கோவிலுக்குள் கைபிடித்து அழைத்துப் போனது தாய்மாமன். "ஊரையே கெடுத்த ஆளு எனக்கு அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

நான் மனு போட்டு அவனைச் சிறையில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாக நின்றான்.

"ஆளுக்கு ஒரு ஊசிக்கா. குத்தி முடிச்சதும் உடைச்சுப் போட்டுடுவேன்."

"அடப்பாவி! ஃபெமினாகிட்டயாவது சொல்றேன்டா."

"வேண்டாம். அவ புருஷன்கிட்ட சொல்லுவா. அவன் லால்குடியிலதானே வேலை பாக்குறான்."

போன தை மாதம் உள்ளேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அடக்கத்துக்கு ஃபெமினா வரவில்லை. சிலுவையில் யாரோ எழுதிய அவன் பெயர் கோணலாக இருக்கிறது.

சின்னையா, மயிலம்மாள் என்பதும் லால்குடி என்பதும் நான் மாற்றி வைத்தவை. ஃபெமினாவின் பெயரை மாற்றவில்லை. அவள் படிக்கட்டும்.