பச்சைக்காரி சொல்லாத சொல்

எனக்கு ஏழு வயது நடந்தபோது எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் ஒரு பெண் குடியிருந்தாள். என் வயதுதான். உடம்பெல்லாம் வெற்றிலைப் பச்சை, பல் மட்டும் வெள்ளை. பச்சைக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன். மோர்ச் சோறு அவளுக்கு ஆகாது, புளிச்சாறு என்றால் உயிர். பரமத்தி வேலூர் சந்தையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் கொடிக்காலை விட்டு ஓர் அடி வெளியே வைத்தாலும் வதங்கிப் போய்விடுவாள். இத்தனையும் அவளே என்னிடம் சொன்னது.

அம்மா இதற்கெல்லாம் அசைந்து கொடுக்கிற ஆள் இல்லை. நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் களி கிண்டிக்கொண்டே, "செரி, இருக்கட்டும். கையைக் கழுவிப்போட்டு வந்து உண்ணு. உண்டுபோட்டுச் சொல்லு" என்பாள். நம்பவும் மாட்டாள், பொய் என்று அதட்டவும் மாட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். இவளுக்கு மனசே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

அப்பா அப்படியில்லை. ஐயா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு உன்ர பச்சைக்காரி என்ன சாமி சொன்னா?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல அவர் கண் அகன்றுகொண்டே போகும். அவள் உட்காரும் வரிசை எது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அந்த வரிசையில் நடக்கும்போது ஓரமாக ஒதுங்கி நடப்பார். என்னை முழுசாக நம்புகிற ஒரே மனிதர் அவர்தான் என்று நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொருத்தியும் இருந்தாள். எங்களிடம் கூலிக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்த அக்கா. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து எனக்கு ஒரு வாய் கொடுக்கும்போது அகத்தி மரத்தடியில் இன்னோர் உருண்டையும் வைப்பாள். "அந்தப் புள்ளைக்கும் பசிக்குமல்லங்க அம்முணி" என்பாள். அதை எறும்பு தின்றதா, அணில் தின்றதா, தெரியாது. மறுநாள் பார்த்தால் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் கொடிக்கால் என்றால் கோயில் மாதிரி. அகத்தியை வரிசையாக நட்டு, வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிக் கோரையால் கட்டியிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மாதவிலக்கான பெண் அந்த மூன்று நாளும் அந்தத் திசைக்கே வரக் கூடாது. கொடி வாடிப்போனால் யாரும் முதலில் வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை. தீட்டோடு நுழைந்தது யார் என்று ஆளைத் தேடுவார்கள். நன்றாகப் படித்த மனிதர்கள்கூட அப்படித்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கொடிக்கால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. அதற்குக் கீழே இருந்த துண்டு நிலம் அப்பாவுக்கு மட்டும் சொந்தம், அதில் அப்போதுதான் வாழைக்கன்று வைத்திருந்தார். கொடிக்காலில் வடிகிற தண்ணீரெல்லாம் கன்றுகளின் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பா சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்கும் ஒரு சின்னச் சாக்கு. வடிகால் வாயில் இரண்டு வாழைத்தண்டைக் குறுக்கே போட்டு, மண்ணை வெட்டி அப்பி, காலால் மிதித்து அடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியப்பனுக்குத் தெரிய வேண்டாம் சாமி. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று நாள் தண்ணீர் கொடிக்காலுக்குள்ளேயே நின்றது. மழை விட்டுப் பத்து நாளில் இலை மஞ்சளித்தது, கொடி துவண்டு தொங்கியது, அடித்தண்டைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. ஏழெட்டு வரிசை போய்விட்டது. செய்தி கேட்டுப் பெரியப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூலியாட்களையெல்லாம் கொடிக்கால் வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அப்பா அவர் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

எல்லார் முன்னாலும் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஏழு வயதுப் பெண்ணை யார் இடுப்பில் தூக்குவார்கள்? எனக்கு அதுவே போதையாக இருந்தது.

"அண்ணா, கொழந்தை கண்ணுக்குக் கொடிக்காலம்மா தெரியறாங்க. அஞ்சாறு மாசமா இவகிட்டப் பேசறாங்க" என்றார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். என் பச்சைக்காரி ஒரே நிமிஷத்தில் அம்மனாகிவிட்டாள். "சொல்லு சாமி, யாரோ தீட்டோட உள்ள வந்தாங்கன்னு அவங்க சொல்லலையா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சந்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஐயா என்னை நம்பி ஊருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

"ஆமா" என்றேன்.

"யாரு? கொடி கட்டறவளா?"

அப்பாவின் கை என் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. தீட்டு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நான் மறுபடியும் "ஆமா" என்றேன்.

அக்கா அழவில்லை, கூச்சல் போடவில்லை. பெரியப்பாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அம்முணி, அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லியிருக்காதுங்க" என்றாள். அவ்வளவுதான். மடியில் சொருகியிருந்த கோரைக் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொடிக்காலைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கிய பிறகு அந்த வட்டாரத்தில் எந்தக் கொடிக்காலிலும் அவளை வாசலுக்கே சேர்க்கவில்லை. கொஞ்ச நாள் கரும்பு வெட்டப் போனாள். பிறகு குடும்பத்தோடு வாழப்பாடிப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அவள் வைத்த கடைசி உருண்டை அகத்தி மரத்தடியிலேயே காய்ந்து கிடந்தது.

பெரியப்பா கிளம்பிப் போன மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியோடு போய் வடிகாலைத் திறந்தார். நானும் பின்னாலேயே போனேன். வாழைத்தண்டு அழுகி நாறியது. வடிகாலில் இன்னும் தேங்கிக் கிடந்த மிச்சத் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விளங்கிவிட்டது. எப்படி விளங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தைக்குப் புத்தி கிடையாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

"ஐயா, தண்ணிய அடைச்சதாலதான் கொடி செத்துப்போச்சுன்னு பச்சைக்காரி சொல்றா. பெரியப்பன்கிட்டச் சொல்லிப்போடலாங்க. அக்காவைக் கூப்பிட்டுக்கலாங்க" என்றேன்.

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. "பச்சைக்காரியாவது மண்ணாங்கட்டியாவது! இத்தனை நாளு போனாப் போகுதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தா, பொய் மேல பொய்யா பேசற? இனி ஒரு வார்த்தை வந்துச்சு, வாயில சூடு போட்டுருவேன்!"

அடி வலிக்கத்தான் செய்தது. அது இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அந்தப் 'போனாப் போகுது' போகவே இல்லை. அகன்ற கண்ணும், ஒதுங்கி நடந்த நடையும், மடியும், எல்லாம் வேஷம். ஒரு நாளும் அவர் என்னை நம்பியதில்லை. நான் அவர் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், அவர் என் ரகசியத்தைத் தூக்கித் தன் தேவைக்குச் செலவழித்துவிட்டார். என் வாயிலிருந்து முழு உண்மை வந்த ஒரே நாளில் என்னைப் பொய்க்காரி ஆக்கினார்.

அன்று அம்மா என் கன்னத்தைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். "உண்டுபோட்டுச் சொல்லு" என்றாள். நான் உண்டேன். சொல்லத்தான் எதுவும் இல்லை. பச்சைக்காரி அதற்குப் பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் எந்த முகத்தோடு அவளிடம் பேசியிருப்பேன்?

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அவளுக்கு நாலு வயது. அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். உள்ளே ஒரு மீன் கடுக்கன் போட்டுக்கொண்டு இருக்கிறதாம், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம். அவள் அப்புச்சி என்று கூப்பிடுகிற என் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டதே தவிர ஆள் மாறவில்லை. அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை அகல விரித்தார்.

"அப்பிடியா சாமி? அந்த மீனு உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

ஓடிப்போய் அவளை அவர் மடியிலிருந்து பிடுங்கினேன். அவர் கெக்கெக்கே என்று சிரித்தார். "உங்கம்மாளும் உன்னையாட்டத்தான் கண்ணு. கொடிக்காலுக்குள்ள பச்சைக்காரி இருக்கறான்னு ஒரே பொய்யி. இவ சொன்ன பொய்யில பாவம், ஒருத்தி பொழப்பே போச்சு!"

பாவம் என்றார். இந்த வாயால் அதைச் சொன்னார். பழியை ஏழு வயதுக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டு, பதினாறு வருஷம் கழித்து அதை வேடிக்கைக் கதையாகப் பேத்திக்குச் சொல்கிறார். அவருக்கு அது உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பச்சைக்காரி என்ன சொன்னா?"

அடுப்படியிலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா எந்த ஊரில் இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ.

"சந்தைக்குப் போகணும்னு சொன்னா கண்ணு" என்றேன். "வேற ஒண்ணும் சொல்லல. யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. உங்க அப்புச்சி கேட்டாரு, நான்தான் ஆமான்னேன்."