செம்பூருக்கு அப்பால் ஒரு தொட்டில் பள்ளிக்கூடம்

பம்பாய் போய்வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். கடற்கரை, இரட்டை மாடி பஸ், சினிமா நட்சத்திரத்தின் வீட்டுக் கேட் என்று எழுதுவார்கள். எனக்கும் அந்த ஆசையெல்லாம் உண்டு. ஆனால் இந்த 1964 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், நான் ரயிலேறிப் போனது தேவ்நாருக்கு. என் அக்கா ஞானம் அங்கே ஒரு சின்னக் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். (எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தூத்துக்குடி மில்லில் லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

சென்னை வரை ஒரு ராத்திரி. அங்கிருந்து பம்பாய் மெயிலில் மூன்றாம் வகுப்பு. அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டால் குண்டக்கல் தாண்டுவதற்குள் பெட்டியில் எனக்கு நிறைய விரோதிகள் சேர்ந்துவிட்டார்கள். விடியற்காலையில் கல்யாண் வந்தது. அங்கே டீ பத்து நயா பைசா. குடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் நல்ல டீ கிடைக்க நேரமாகும். எல்லாரும் கடைசி ஸ்டேஷன் வரை போவார்கள் என்று நீங்களும் உட்கார்ந்திருக்க வேண்டாம். தாதரில் இறங்கி லோக்கல் வண்டியில் குர்லா, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர். ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையான "நஹி"யை நாலு தடவை சொன்னேன். முக்கால் ரூபாய்க்கு இறங்கி வந்தார். தேவ்நார் இரண்டு மைல்.

தேவ்நார் இன்னும் கிராமம்தான். ஒருபக்கம் மராத்திக்காரர்களின் ஓட்டு வீடுகள், கொஞ்சம் கீரை வயல். மறுபக்கம், பம்பாய்க் குப்பையெல்லாம் கொட்டும் மேட்டையொட்டி, நம் ஆட்களின் தகரக் குடிசைகள். நாங்குநேரி, சாத்தான்குளம், உவரி என்று எல்லா ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். ஆண்கள் பட்டறைக்கும் பெண்கள் கட்டட வேலைக்கும் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விடுகிறார்கள். நடுவில் கோயில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளில் அதே தகரக் கூரையின் கீழே பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு வரை தமிழில் நடக்கிறது. டீச்சர் என் அக்கா ஒருத்திதான்.

மறுநாள் காலை அக்காவோடு போனேன். வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டேன். கூரை உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு பழைய சேலை, ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை. கீழே பாயில் பெண்பிள்ளைகள் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். தொட்டிலிலிருந்து இறங்கும் கயிறு ஒவ்வொருத்தியின் கால் பெருவிரலிலும் கட்டியிருக்கிறது. கை எழுதுகிறது, கால் ஆட்டுகிறது. நான் ஆபீசில் ஒரு வேலையே ஒழுங்காகச் செய்கிறவனில்லை.

"என்னக்கா இது?" என்றேன்.

"பின்ன? ஆத்தாமாரு வேலைக்குப் போயிருதாவ. கைப்புள்ளய பாக்கதுக்கு மூத்த பொண்ண வீட்ல நிறுத்திருவாவ. நீ புள்ளயோட வா தாயின்னு சொன்னேன். வந்துருச்சுவ. நீ வாயப் பொளந்துகிட்டு நிக்காம அந்தக் கடைசித் தொட்டில ஆட்டுல, அழுதான் பாரு."

ஆட்டினேன். பம்பாயில் நான் பார்த்த முதல் உத்தியோகம் அதுதான்.

அன்று பூராவும் அங்கேயே இருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் படிப்பு மட்டும் என்று நினைத்திருந்தேன். சுவரில் ஆணி வரிசையில் வீட்டுச் சாவிகள் தொங்கின; வேலைக்குப் போகிறவர்கள் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மத்தியானம் எல்லாருக்கும் பால் பவுடர் கரைத்த பால். காலில் ஆணி குத்தினால் டிஞ்சர் போடுவது அக்கா. சாயங்காலம் கோயில் கிணற்றில் தெரு முழுவதும் தண்ணீர் எடுக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள். மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு, அக்கா பொங்கச்சோறு வாங்கிச் சாப்பிடுகிறாள். யாருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் முத்துலெட்சுமி என்று ஒருத்தி. ஒன்பது வயசிருக்கும், மூன்றாம் வகுப்பு. தம்பி மாசானம் தொட்டிலில். அம்மா பேச்சியம்மாள் டிராம்பேயில் கலவைச் சட்டி சுமக்கிறார். முத்துலெட்சுமி என்னிடம் வந்து, "மாமா, நாலாங் கிளாசு வந்துருமா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் விளக்கினாள். மறுநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். மூன்றாம் வகுப்பில் போதுமான பெண்பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தால்தான் ஜூனில் நாலாம் வகுப்புக்கு அனுமதி. இல்லையென்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம். அங்கே கைக்குழந்தையோடு விடமாட்டார்கள். முத்துலெட்சுமியின் படிப்பு ஏப்ரலோடு சரி.

அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டிலேயே தைரியசாலி அவள்தான், அவளே அன்று சாயங்காலம் தொட்டில்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்ஸ்பெக்டரு வந்து இதப் பாத்தா பள்ளிக்கூடம்னா சொல்லுவாரு?" என்றவள் பிள்ளைகளை நிறுத்தி, "நாளைக்கு ஒரு நாளு மட்டும் யாரும் கைப்புள்ளயத் தூக்கிட்டு வரக்கூடாது, கேட்டியளா?" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். "ஏலே, தொட்டிலையெல்லாம் அவுத்துருல" என்றாள் என்னிடம். அவிழ்த்து மடித்துப் பலிபீடத்துக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு பேரும் தரையைக் கழுவினோம், பெஞ்சுகளை நேராகப் போட்டோம். சாமி சத்தியமாக, அது பள்ளிக்கூடம் மாதிரியே இருந்தது.

காலையில் மணி அடித்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய பையன்கள் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. ஒரு பெண்பிள்ளையைக் காணோம்.

அக்கா வாசலுக்கும் பலகைக்குமாக நடந்தாள். "என்னல, ஒண்ணையும் காணுமே" என்றாள். அவள் குரல் உடைந்ததும் நான் குடிசைகளைப் பார்த்து ஓடினேன்.

முதல் குடிசை வாசலிலேயே முத்துலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ரிப்பன், தோளில் பை, இடுப்பில் மாசானம். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஏன் தாயி வரல?"

"புள்ளயத் தூக்கிட்டு வரக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாவளே மாமா. இவன எங்க போட்டுட்டு வர?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கைப்பிள்ளை வரக்கூடாது என்றால் அக்காக்காரியும் வரமுடியாது என்பது, தினமும் அந்தத் தொட்டில்களுக்குக் கீழே நின்று பாடம் நடத்துகிற என் அக்காவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

"எந்திரி. தூக்கிட்டு வா. எல்லாரையும் கூப்பிடு" என்றேன்.

அவள் போட்ட சத்தத்தில் எல்லாக் கதவும் திறந்தது. பிள்ளையோடு பிள்ளையாகப் பெண்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நான் கைக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டேன். அதில் ஒன்று, பம்பாய்க்கென்று தைத்த என் புதுப் பேண்டை அப்போதே ஞானஸ்நானம் பண்ணிவிட்டது. இந்தப் படையோடு திரும்பும்போதுதான் எதிரே ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, குப்பைமேட்டு வாடைக்கு மூக்கில் கைக்குட்டை. நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஊர்வலமா?" என்றார். பம்பாயில் ஐயர்கள் குடியிருக்கும் மாட்டுங்காவின் சுத்தமான தமிழ்.

"பள்ளிக்கூடம் சார்" என்றேன்.

"அங்கேதான் நானும் போறேன்" என்று எங்கள் பின்னாலேயே வந்தார் இன்ஸ்பெக்டர்.

அக்கா எங்களையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பலிபீடத்துக்குப் பின்னால் போய் மடித்த சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பிறகு, "கட்டுல" என்றாள். நான் பெஞ்சின் மேல் ஏறித் தொட்டில்களைக் கட்ட ஆரம்பித்தேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது தெனமும் இங்கன இருக்கதுதான். நீங்க பாக்கக் கூடாதுன்னு நேத்து நாந்தான் அவுக்கச் சொன்னேன். அதான் ஒண்ணும் வராம போயிட்டுது" என்று அக்கா நேராகச் சொல்லிவிட்டாள்.

அவர் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு பெருக்கல் கணக்கை எழுதினார். பாயைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ வாம்மா. இந்தக் கணக்கைப் போடு."

விரல் நீண்டது முத்துலெட்சுமியை நோக்கி. அவள் எழுந்தாள். கால் விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தாள். நான் பெஞ்சின் மேல், அக்கா தூரத்தில், மற்றவர்களின் காலில் அவரவர் கயிறு. சும்மா இருந்தவர் ஒருவர்தான்.

"கொஞ்சம் புடிங்க சார். நிறுத்துனா முழிச்சிருவான்" என்று கயிற்றை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட்டுப் பலகைக்குப் போய்விட்டாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் விழாமல் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கயிற்றைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். மெதுவாக இழுத்தார். அவள் பெருக்கல் கணக்கை வாய்விட்டுச் சொல்லியபடியே போட்டு, கோடு கிழித்து, விடையை எழுதி முடித்தாள். சரியான விடை. திரும்பி வந்து கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"இரு இரு. இப்பத்தான் கண்ணசந்தான். நீ போய் அடுத்த கணக்கைப் போடு" என்றார் அவர்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தே, கயிற்றை விடாமல், எல்லாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கிளம்பும்போது அக்காவிடம், "பெண் குழந்தைகள் இங்கெல்லாம் நிலைச்சு வரமாட்டாள்னு எங்க ஆபீஸிலே எல்லாரும் சொல்லுவா. இங்கே மட்டும் எப்படி வராங்கறது இப்பப் புரியறது. ஜூன்லேர்ந்து நாலாவது நடத்துங்கோ, நான் எழுதிடறேன். தொட்டிலை மட்டும் இனிமே அவுக்காதீங்கோ" என்றார்.

அக்கா அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் போட்ட கூச்சலில் அத்தனை தொட்டில்களும் முழித்துக்கொண்டு அலறின. அதைவிட நல்ல பாட்டுக் கச்சேரியை நான் கேட்டதில்லை.

மறுநாள் எனக்கு ஊருக்கு ரயில். காலையில் பையோடு அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வாசலில் பேச்சியம்மாள், வேலைக்குப் போகிற கோலத்தில் நின்றார். ஒரு கையில் பத்து வயசுப் பெண் ஒருத்தியைப் பிடித்திருந்தார்; அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"டீச்சர், இது எங்க பக்கத்து வீட்டுப் புள்ள செல்வி. இன்னிக்கு வரைக்கும் பள்ளிக்கூட வாசப்படி மிதிக்கல. நாலாங் கிளாசு வரைக்கும் இருக்குன்னா கூட்டிட்டுப் போன்னு இவ ஆத்தாவே சொல்லிட்டா. இதுக்கும் ஒரு தொட்டிலக் கட்டுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி நல்லாக் கட்டுதாவளாம்லா" என்று சிரித்துவிட்டு ஓடினார், வேலைக்கு நேரமாகிவிட்டதாம்.

கயிறு இருந்தது, சேலை இல்லை. என் பையில் எட்டு முழ வேட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கட்டினேன்.

போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. தாதரில் இறங்குங்கள். குர்லாவில் வண்டி மாறும்போது படிக்கட்டில் கூட்டத்தோடு போகாமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். பையில் பழைய பருத்தி வேட்டியோ சேலையோ ஒன்று கூடுதலாக இருக்கட்டும். நைலான் வேண்டாம், குழந்தைக்கு வேர்க்கும். உத்தரத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. என் வேட்டியில் ஒரு குழந்தை தூங்க, கீழே செல்வி கால் விரலை ஆட்டிக்கொண்டே சிலேட்டில் முதல் "அ" போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ரயிலேறினேன்.