எசிர்கெப் கேலியை நிறுத்திய வாரம்

எசிர்கெப் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மொயின்கும் மணல்காட்டுப் பக்கம் குறைவு. முப்பது வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். தேநீரைக்கூட நின்றபடிதான் குடிப்பார். ஒரு வீட்டுத் தொட்டியில் குழாயைப் போட்டால், அது நிரம்புவதற்குள் அடுத்த வீட்டில் யாரையாவது சீண்டிவிட்டு வந்துவிடுவார். "உங்க வீட்டுக்காரரைக் குளிக்க வைக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லும்மா, இன்னொரு லோடு சேத்துக் கொண்டாறேன்" என்பார். அந்தப் பெண் துடைப்பத்தைத் தேடுவதற்குள் லாரி தெருமுனையில் இருக்கும்.

ஆனால் அவருடைய முழுத் திறமையும் நுர்பெய்ஸ் ஒருவருக்காகத்தான். இருவரும் பன்னிரண்டு வருடச் சுற்றில் ஒரே முயல் வருடத்தில் பிறந்த குர்தாஸ்கள், அதாவது ஒரே வயதுக்காரர்கள். குர்தாஸ் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தவனை ஊர் ஆயுசுக்கும் சிரிக்கும். நுர்பெய்ஸ் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, "வீடு விற்பனைக்கு. உள்ளே இருக்கும் கிழவன் இலவசம்" என்று அவர் கதவில் பலகை மாட்டியவர் எசிர்கெப். நுர்பெய்ஸும் சும்மா இல்லை. எசிர்கெப்பின் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, பெண்ணின் அப்பா சின்ன வயதில் வாத்துக்குப் பயந்து கூரையில் ஏறிய கதையைச் சம்பந்திகளுக்கு அரைமணி நேரம் சொன்னார்.

அந்த நுர்பெய்ஸுக்குப் பனிக்காலக் கடைசியில் பக்கவாதம் வந்தது. தராஸ் நகர ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வந்தார். இடக்கை தொங்கிப்போயிருந்தது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது.

எசிர்கெப் பார்க்கப் போனார். வழியெல்லாம் பேசத் தயாராக வைத்திருந்த நையாண்டி, அந்தக் கையைக் கண்டதும் வெளியே வரவில்லை. கட்டிலருகே மடங்கி உட்கார்ந்தார். குதிரை இறைச்சிப் பொட்டலத்தை வைத்தார். "எல்லாம் சரியாகும். பொறுமையா இருங்க" என்றார். கையேந்தி நீளமாகப் பிரார்த்தனை செய்தார். தட்டிலிருந்து விழுந்த ரொட்டித் துண்டை எடுத்துக்கூடக் கொடுத்தார். நுர்பெய்ஸ் அவரையே வெறித்துப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து, தொட்டியில் தண்ணீர் விடும்போது நுர்பெய்ஸின் மனைவி குல்பாராம் வந்து நின்றாள்.

"தண்ணிக்காரரே, டாக்டர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"என்கிட்ட என்ன சொல்லப் போறாரு?"

"நீங்க போனதுலேருந்து சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவருதான். கைக்குப் பயிற்சி செய்ய மாட்டேங்கிறாரு. சாப்பாடும் இறங்கல. 'எசிர்கெப் எனக்கு மரியாதை குடுத்துட்டாண்டி. என் காரியம் முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு'ங்கிறாரு."

இரக்கப்பட்டு நண்பனை உயிரோடு அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது எசிர்கெப்புக்கு அப்போதுதான் உறைத்தது.

"டாக்டரு நெசமாவே உங்ககிட்ட தனியா ஒண்ணும் சொல்லலியே?" என்றாள் குல்பாராம் மறுபடி.

"ஒண்ணும் சொல்லலம்மா. உங்ககிட்ட எழுந்து நடக்கணும்னுதானே சொன்னாரு?"

"நடந்தா கை வரும், நடக்கலைன்னா காலும் போயிடும்னாரு."

அதற்குப் பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. லாரியை ஓட்டிக்கொண்டே கேலிகளை யோசித்தார். ஒன்று கையைத் தொட்டது, ஒன்று வாயைத் தொட்டது. கிழவன் என்றால் சாவைத் தொட்டது. முப்பது வருடமாகத் தானாக வந்த சொல், தேடும்போது ஒன்றுகூட அகப்படவில்லை. தண்ணீர் ஏற்றும் இடத்தில் தொட்டி பொங்கி வழிந்து காலணி நனைந்த பிறகுதான் வால்வை மூடினார். நுர்பெய்ஸின் வாசல் வரை இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நிற்காமல் ஓட்டிப் போனார்.

மூன்றாவது முறை நிறுத்தினார். நேரே நுர்பெய்ஸின் ஆட்டுப்பட்டிக்குப் போனார். குர்தாஸின் ஆட்டைக் கண்ணெதிரே ஓட்டிக்கொண்டு போகலாம். அது திருட்டில் சேராது. இருப்பதில் பெரிய கடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்தார். அது காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. ஒருவழியாக அணைத்துத் தூக்கி டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் திணித்துக் கதவைச் சாத்தினார். பிறகு நுர்பெய்ஸ் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேராக லாரியை நிறுத்தி ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

திரை அசைந்தது. உள்ளே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. குல்பாராம் "மெதுவா, மெதுவா" என்பதும் கேட்டது. கீழே விழுந்துவிட்டால்? எசிர்கெப்பின் கை ஹாரனிலிருந்து தானாக எழுந்தது. ஓடிப்போய்த் தாங்கலாமா என்று இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

கதவு திறந்தது. நுர்பெய்ஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கியது. லாரிக்குள்ளிருந்து கடா வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நுர்பெய்ஸுக்குச் சொற்கள் வழுக்கி வழுக்கித்தான் வந்தன.

"ஏண்டா... திருடுறவன்... பல்லு விழுந்த ஆட்டையா புடிப்பான்? எனக்குக் கை போச்சு. உனக்குக் கண்ணே போயிடுச்சா?"

குல்பாராம் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எசிர்கெப் படியருகே வந்தார். "நல்லதாப் போச்சு. நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும். பாதி வெலைக்கு வித்துறலாம்."

"ஆட்டை அறுத்தா தலை எனக்குத்தான்."

"வெந்த ஆட்டுத்தலை மூத்தவனுக்குடா. நான் உன்னைவிட மூணு மாசம் மூத்தவன்."

"பொய் சொல்றான், குல்பாராம். அந்தச் செருப்பை எடு. இவங்கம்மா இவன் வீட்டுல எழுதி வெச்ச பொறந்த தேதியை இன்னைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்."

எசிர்கெப்பின் வீடு அதே தெருவில் அங்கிருந்து நாலாவது வீடு. நுர்பெய்ஸ் முதல் படியில் காலை வைத்தார். வைத்த கால் நடுங்கியது. எசிர்கெப் கைகள் இரண்டையும் சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். தாங்கப் போய்விடக் கூடாதே என்ற தவிப்பில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, "இருட்டுறதுக்குள்ள வந்து சேருவியாடா?" என்றார்.