ஆடியில் கணினி வீடு மாறலாமா?

பானுப்பிரியாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் திருமணத் தகவல் நிலையத்தில் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவள் அவள்தான். ஊர் மண்ணூர்பேட்டை. ஏதாவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டாள். உவமானம் சொல்லி உயிரை எடுப்பாள். அந்த வாயால்தான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டாள். போன் பிரிவுக்கு மூத்தவள் என்ற முறையில் நான், ஹேமாவதி, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தேன்.

எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஜாதகம் பொருத்துகிற கணினி பெரிய சர்வரில் ஓடியது. அந்தக் கணினியைக் கையால் தொட முடியாது. சர்வருக்குள் மென்பொருளாகவே குடியிருக்கிற மெய்நிகர் கணினி. ஆடி பிறந்ததும் பெரிய சர்வர் சூடேறி அலற ஆரம்பித்தது. ஆடியில் கல்யாணம் நடக்காது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு வரன் தேடுகிற ஜனம் எங்கள் போனை விடாது. சர்வர் நின்றால் பானுவின் வேலையும் போகும். முதலாளியின் மனைவிக்குத் தம்பி வரதன், "இந்தப் பொண்ணு வேணாம் மாமா, வெளிக் கம்பெனிகிட்ட குட்த்துடலாம்" என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தான்.

முதலாளி பரந்தாமன் நல்ல மனிதர்தான். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார், அவ்வளவுதான்.

பானு அவரிடம் போய் விளக்கினாள். "அந்தக் கணினி ஓடிக்கினு இருக்கும்போதே சின்ன சர்வருக்கு மாத்திடலாம் சார். யாருக்கும் தெரியாது. அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருக்கும்போதே ஊடு மார்ற மாரி."

"ஊடு மார்றதா? ஆடிலயா?" பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா பேசற? ஆடில எவனாவது ஊடு மாறுவானா? ஆவணி பொறக்கட்டும்."

"அதுவரிக்கும் தாங்காது சார்."

"ஆத்தா பாத்துப்பா."

பக்கத்தில் நின்ற வரதன் சிரித்தான். "ஊடுன்னு சொன்னது தப்பாப் பூட்ச்சேக்கா" என்று பானு என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீமிதிக்கு லீவு கேட்டால் மட்டும் எங்களிடம் பகுத்தறிவு பேசுகிற மனிதர் இவர்.

மறுநாள் சர்வர் அலறியதில் எங்கள் திரைகள் எல்லாம் உறைந்துபோய் மெல்ல உயிர் பெற்றன. பானு மறுபடி உள்ளே போனாள்.

"சார், நேத்து தப்பா சொல்ட்டேன். இது ஊடு மார்றது இல்ல. அந்தக் கணினி மொதமொத பொறந்ததே சின்ன சர்வர்லதான். அங்கேந்துதான் பெருசுக்குக் குடித்தனம் வந்துச்சு. புதுசா கட்டிக் குட்த்த பொண்ண ஆடில எங்க சார் கூட்டிக்கினு போவாங்க?"

பரந்தாமன் முகம் மலர்ந்தது. "அம்மா ஊட்டுக்கு!"

"அதான் சார் இது."

"அட, மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? கூட்டிக்கினு போம்மா." சீருக்கு என்று ஒரு முழம் மல்லிப்பூகூட வாங்கிவரச் சொன்னார். சர்வரின் காற்றாடியில் மாட்டிக்கொள்ளும் என்று பானு அதைக் கதவில் தொங்கவிட்டாள்.

கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை அடித்தாள். கணினியின் நினைவில் இருந்ததெல்லாம் சின்ன சர்வருக்குப் பிரதியாகத் தொடங்கியது. தொண்ணூற்றாறு சதவீதம்வரை விறுவிறுவென்று போய், அங்கிருந்து பின்வாங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது.

"அக்கா, நீங்கள்லாம் ஜாதகம் பாக்கப் பாக்க அதோட நெனவு மாறிக்கினே கீது. நான் மூட்ட கட்டின பாத்திரத்த நீங்க திரும்பத் திரும்ப எடுத்து ஆக்கினா, எப்போ கெளம்பறது?"

சர்வரின் அலறல் கூடியது. வரதன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். வேலையை நிறுத்துங்கள் என்றால் ஏன், எதற்கு என்று எங்கள் பெண்கள் பஞ்சாயத்து வைப்பார்கள். அதனால் எழுந்து, "கேன்டீன்ல சூடா மொளகா பஜ்ஜி!" என்று கத்தினேன். அத்தனை கையும் கீபோர்டை விட்டது.

பஜ்ஜி எங்கே என்று என்னை வைதுகொண்டே அவர்கள் திரும்பியபோது கணினி அம்மா வீட்டில் இருந்தது. பாதியில் விட்டுப்போன ஜாதகங்கள் பாதியிலேயே திரையில் காத்திருந்தன. பானு என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

ஆவணி பிறந்ததும் பரந்தாமன் வந்து நின்றார், பின்னால் வரதன். "இன்னாம்மா, ஆடி பூட்ச்சே. பொண்ண இன்னும் புருஷன் ஊட்டுக்கு அனுப்பலியா?"

அதற்குள் பெரிய சர்வரைப் பழுது பார்த்து, சின்னதற்குத் துணையாக அதே அலமாரியில் கீழ்த்தட்டில் பொருத்தியிருந்தாள் பானு. "எதுக்கு சார்? மாப்ளயே இங்க வந்துட்டாரு. ஊட்டோட மாப்ள!"

பரந்தாமன் கல்யாணமானதிலிருந்து பருத்திப்பட்டில் மாமனார் வீட்டில்தான் இருக்கிறார். எஸ்டேட்டுக்கே தெரிந்த அந்த விஷயம் பானுவுக்கு மட்டும் தெரியாது. வேலை போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வரதன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பரந்தாமன் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா இளிப்பு? ஊட்டோட மாப்ளன்னா அவ்ளோ எளக்காரமா? இனிமே இந்த ரூம் பக்கம் உன் தல தெரியக் கூடாது. எல்லாத்தையும் இந்தப் பொண்ணே பாத்துக்கும்."

வரதன் போன பிறகும் அவர் நகரவில்லை. குனிந்து கீழ்த்தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்ளைக்கு இங்க மருவாதியெல்லாம் ஒழுங்கா கீதாம்மா?"