குடத்தை மூடுவதற்கு முன்

எங்கள் வீட்டில் தம்புரா செய்கிறவர் என் வீட்டுக்காரர். வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிறவள் நான். கல்யாணம் பேசும்போது இப்படி ஒரு பாகப்பிரிவினை இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. அவர் கையில் உளி இருந்தால் வாயில் பேச்சு இருக்காது. நானோ நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். தறி ஓடுகிற வீட்டில் உப்பைக்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தத் தொண்டையோடு திருச்சானூர் சாலையோரம் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தேன். வந்த வாரமே வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுகிற ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பலா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாத்தியம் செய்யச் சொன்னவர்களைச் சமாளிப்பது, செய்வதைவிடக் கஷ்டம். சொன்ன மறுநாளே ஃபோட்டோ கேட்பார்கள். மரக்கட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினால், "இது தம்புரா மாதிரியே இல்லையே" என்பார்கள். ஒருவர் பிரடைக்கு யானைத் தலை வேண்டும் என்றார். பிரடை என்பது தந்தியை முறுக்குகிற சாவி. யானைத் தலை வைத்தால் முறுக்குவது எப்படி என்று கேட்டேன். தும்பிக்கையைப் பிடித்து முறுக்கலாமே என்றார். இப்படிப்பட்டவர்களை எல்லாம் பார்த்துப் பழகியதால், ஆளைப் பேச்சிலேயே எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

சித்தூர் டீச்சர் அந்தக் கூட்டத்தில் சேராதவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இத்தனை வருடம் சுருதிப் பெட்டியை வைத்தே ஓட்டிவிட்டேன், இப்போது எனக்கென்று ஒன்று வேண்டும் என்றார். அவர் எழுதி அனுப்பமாட்டார். எல்லாமே வாய்ஸ் மெசேஜ். பேச்சுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் பாடிக் காட்டிவிடுவார். "இங்க நிக்கணும்மா சுருதி, இந்தா," என்று ஒரு ஸட்ஜத்தைப் பிடித்தால், அது அஞ்சரைக் கட்டையில் ஆடாமல் அசையாமல் நிற்கும். நான் அதைச் சத்தமாகப் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் உளியை நிறுத்திவிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் உளியை நிறுத்துவார். எனக்கு அவர் அப்படி நிறுத்தியதில்லை.

கட்டை என்பது பாடுகிறவர்களின் சுருதிக் கணக்கு. எண் கூடக் கூடக் குரல் உயரம். ஆண்கள் ஒன்று, இரண்டில் பாடுவார்கள். பெண்களில் நிறையப் பேர் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். உயரக் குரலுக்குத் தம்புராவின் கழுத்தான தண்டி குட்டையாக இருக்க வேண்டும், தாழ்ந்த குரலுக்கு நீளமாக. தண்டியை வெட்டினால் வெட்டியதுதான். அது தலைமுடி இல்லை, திரும்ப வளர்வதற்கு.

அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் தம்புராவின் அடிவயிறான குடத்தைப் பலாக் கட்டையில் குடைந்து முடிப்பார். மேல் பலகையை ஒட்டி மூடுவதற்கு முன், வாத்தியம் செய்யச் சொன்னவர் வந்து, திறந்த குடத்துக்கு நேராகக் குனிந்து தன் ஸட்ஜத்தைப் பாட வேண்டும். வீட்டுக்காரர் வெளிப்பக்கம் இரண்டு கையையும் வைத்து அதிர்வைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தண்டியின் நீளம், பலகையின் கனம் எல்லாம். பாடாமல் எங்கள் வீட்டில் குடம் மூடுவதில்லை. பெரிய வித்வான்களே வெட்கப்பட்டுக்கொண்டு குனிந்து பாடியிருக்கிறார்கள்.

டீச்சரின் குடம் மாசி மாதமே தயாராகிவிட்டது. வாருங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று பதில் வந்தது. எழுத்தில் வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. பங்குனியில் கூப்பிட்டேன். நாகலாபுரத்தில் உறவுக்காரர் கல்யாணம், முடித்துவிட்டு வருகிறேன் என்று மறுபடியும் எழுத்து. சித்திரை பிறந்தது. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. திறந்த குடம் வெயில் காலத்தில் காய்ந்தால் விளிம்பு கோணிக்கொள்ளும். வீட்டுக்காரர் காலையிலும் மாலையிலும் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னா சொல்றாங்க?"

"வராங்களாம்."

"எப்போ?"

"எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

வேறு பட்டறைக்குப் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். இப்படி நடப்பதுண்டு. இங்கே ஒன்று சொல்லிவிட்டு, வேறு ஊரில் தயாராக இருப்பதைப் பார்த்ததும் மனசு மாறிவிடுவார்கள். சொல்லித் தொலைத்தால் நாங்கள் அந்தக் குடத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்வோம். சொல்லமாட்டார்கள். மரியாதையாக இழுத்தடிப்பார்கள்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் டீச்சரிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. கீழே, "வர முடியவில்லை. இதைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள். அஞ்சரை. மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தது. போட்டேன். அதே குரல், அதே ஸட்ஜம். வீட்டுக்காரர் உளியை நிறுத்தினார். என் கண் ஃபோன் திரையில் இருந்தது. பாட்டுக்கு மேலே சின்னதாக ஃபார்வர்டு என்று போட்டிருந்தது. எப்போதோ யாருக்கோ பாடி அனுப்பியதை எடுத்து எங்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

எனக்கு உச்சி கொதித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நின்ற இடத்திலேயே அடித்தேன்: "எங்க வீட்டுக் குடத்துக்குப் பழைய பாட்டு வேணாம். நேரா வந்து ஒரு ஸ பாடறதுக்கு வாய் வலிக்குதா டீச்சர்?"

இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. பதில் வரவில்லை.

அன்று சாயங்காலம் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது. மறுநாள் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். "நான் மரத்துல செய்யற தப்பக்கூட இழைச்சு எடுத்துக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒவ்வொரு தடவை ஃபோன் சத்தம் போடும்போதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்பது நாள் இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் வந்தது பதில். "வலிக்கலம்மா. குரல் வரல."

அதன் பின்னால் ஒன்றொன்றாக வந்தன. கழுத்தில் கட்டி. தை மாதக் கடைசியில் வேலூரில் ஆபரேஷன். கட்டி கெட்டது இல்லை, நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மேலே ஏறமாட்டேன் என்கிறது குரல். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது என்று முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் இருக்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வகுப்பை நிறுத்திவிட்டார். கடைசியாக, "தம்புரா அஞ்சரைக்கே இருக்கட்டும். குரல் வந்துவிடும்" என்று இருந்தது.

நான் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. வாயிருக்கிறவள் இன்னொருத்தியைப் பார்த்து வாய் வலிக்குதா என்று கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் குடத்தின் விளிம்பை மறுபடி தடவிப் பார்த்தார்.

"அஞ்சரைக்கே வெட்டிடுங்க," என்றேன். "அவங்க கேக்கறது அதானே."

"வெட்டறது ஒரு நிமிசம். குரல் வரலன்னா? பாட முடியாத சுருதியில ஒண்ண மூலையில வச்சுக்கினு தினமும் பாத்துக்கினு இருக்கணுமா?"

"தந்திய எறக்கிக்க முடியாதா?"

"அரைக் கட்டை, ஒரு கட்டை எறக்கலாம். அதுக்கு மேல தளர்ந்துடும். பேசாது."

"வந்துடும்னு சொல்றாங்களே."

"வந்துட்டா அஞ்சரைக்கு வெட்டிடறேன். எனக்கு அவங்க இப்போ எங்க இருக்கறாங்கன்னு தெரியணும். நீ கேளு."

எல்லாவற்றையும் நானே கேட்க வேண்டும். இதை மட்டும் ஃபோனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் குடத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன். "ஏமிடம்மா அதி?" என்று தெலுங்கில் அது என்னவென்று கேட்ட கண்டக்டர், மேலே வைக்கச் சொன்னார். மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். சித்தூர் நெருங்க நெருங்க, ஜூஸ் ஃபேக்டரிகளுக்கு மாங்காய் ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நகரவில்லை. நான் வரப்போவதை டீச்சரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன்.

திறந்தார். அதுவரை நேரில் பார்த்ததில்லை; குரலை வைத்து உயரமான ஆளாக நினைத்திருந்தேன். சின்ன உருவம். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். போர்வைக்குள் இருந்த குடத்தைப் பார்த்ததும் நான் யாரென்று புரிந்துவிட்டது. பேசாமல் வழிவிட்டார். குடத்தைப் பாயில் வைத்துப் போர்வையை விலக்கினேன். எதிரில் உட்கார்ந்தார்.

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது டீச்சர். தெரியாம எழுதிட்டேன். தெரியலன்னாலும் எழுதியிருக்கக் கூடாது."

டீச்சர் ஃபோனை எடுத்து ஏதோ தட்டினார். என் பைக்குள் ஃபோன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். "விடுங்கம்மா. உங்க வேலையும்தானே நின்னு போச்சு." நான்கு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் எழுத, நான் படித்தேன். மறுபடி சத்தம் போட்டது. "அஞ்சரைக்கே செஞ்சிடுங்க."

"என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன். "குடத்துக்கிட்ட சொல்லுங்க. எங்க வழக்கம் அதான்."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. முகம் சிவந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து வந்து தரையில் வைத்தார். அது அஞ்சரையில்தான் இருந்தது. போட்டார். வீட்டுக்காரர் வைப்பதுபோல நான் குடத்தின் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டேன். டீச்சர் குனிந்தார்.

காற்று மட்டும் வந்தது. நிமிர்ந்து மூச்செடுத்து மறுபடி குனிந்தார். பாதிவரை ஏதோ ஏறி அறுந்தது. மூன்றாவது முறை கழுத்து நரம்பு புடைத்தது. வந்த சத்தம் இருமலில் முடிந்தது. என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குடம் சும்மா இருந்தது. நான் ஏன் இங்கே வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு நோயாளியை அவர் வீட்டிலேயே உட்கார வைத்து இப்படிப் படுத்துகிறேனே என்றிருந்தது. தாங்காமல் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க."

அவர் வாயிலிருந்து நேரில் நான் கேட்ட முதல் வார்த்தை அது. கனத்த, தாழ்ந்த குரல். இத்தனை மாதம் என் ஃபோனில் கேட்டதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். அஞ்சரைச் சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. கிளம்பலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் குடத்தில் மறுபடி கை வைத்துக்கொண்டேன்.

பிறகு டீச்சரே கையை நீட்டினார். ஐந்தில் வைத்தார். வரவில்லை. நாலரை. வரவில்லை. நான்கில் குரல் வந்து நடுங்கியது, நிற்கவில்லை. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் பெட்டியின் மேல் அவர் விரல் தயங்கியதைப் பார்த்தேன். மூன்றில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

என் இரண்டு உள்ளங்கையிலும் அதிர்ந்தது. குடம் முழுவதும் அதிர்ந்து, அடியில் பாய்கூட அதிர்ந்தது போலிருந்தது. கனத்த குரல், அழகான குரல் என்று சொல்லமாட்டேன், ஆனால் நின்றது. மூச்சு தீரும்வரை இம்மியும் பிசகாமல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழவில்லை. குடத்தின் விளிம்பில் கையை வைத்து, அது ஓய்கிறவரை எடுக்காமல் இருந்தார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடிக்கும்போதே டீச்சர் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"மூணு கட்டைக்குத் தண்டியை வெட்டிடுங்க," என்றார்.

மறுமுனையில் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"யாருங்க பேசறது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அவர் ஃபோனை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"சித்தூர் டீச்சர்தாங்க. என் குரல்தான் இது."