நித்திரையடைந்த அப்பா

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலையில், என் அப்பாவை ஒரே வார்த்தையில் கொன்றுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவராகவே லுங்கியோடு எழுந்து வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். அதற்குள் எங்கள் சபைக் கோயிலில் துக்க மணி அடித்தாயிற்று. எதிர்வீட்டு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாயிற்று. அம்மா சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஆயிற்று.

அப்போது எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, பெரும்பாலும் நைட் டியூட்டி. அம்மா டீச்சராக இருந்தவள். நான் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய வருடம் அப்பா மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைக் கர்த்தர் தாய் தகப்பனிடம்தான் கொடுத்திருக்கிறார், பள்ளிக்கூடத்திடம் கொடுக்கவில்லை என்று அங்கே ஒரு பிரசங்கியார் பேசினாராம். அப்பா எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. அடுத்த மாதமே எங்கள் முன்னறை பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. அம்மா தன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அவளிடம் யாரும் கேட்டதாகவோ, அவள் மாட்டேன் என்றதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதரைக்கு மணி அடிக்கும். அதே நேரம் அம்மா எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். ஜெபம், பிறகு வருகைப் பதிவு. மொத்த மாணவர்கள் இரண்டு பேர், நானும் தம்பியும். இருந்தாலும் அம்மா நீள நோட்டில் கோடு போட்டு, எங்கள் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவாள். நாங்கள் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா" என்போம். தம்பி சில நாள் கக்கூஸிலிருந்தே உள்ளேன் என்பான். அதையும் டிக் செய்துகொள்வாள்.

கணக்கும் அறிவியலும் அம்மாவின் பாடங்கள். ஆங்கிலத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த வழவழப்பான புத்தகங்கள் இருந்தன. அவற்றில் எல்லாப் பிள்ளைகளும் பனியில் உருண்டு விளையாடினார்கள். நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதை வாசித்தோம். தமிழ் மட்டும் அப்பா. அதற்குத் தனிப் புத்தகம் எதற்கு, வேதம் இருக்கிறதே என்பார். நாங்கள் எழுதிய டிக்டேஷன் எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே தெருப்பிள்ளைகள் 'வந்தான், போனான்' என்று எழுதிக்கொண்டிருந்த வயதில் நாங்கள் 'புறப்பட்டுப்போனான், பிரதியுத்தரமாகச் சொன்னான்' என்று எழுதினோம். இன்னொரு சட்டமும் உண்டு. வெளியாட்களிடம் கொச்சையாகப் பேசக் கூடாது. வீட்டில் படித்த பிள்ளைகளின் தமிழ் எப்படி இருக்கிறது என்று ஊர் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

ஊரில் முக்கியமாகப் பார்க்கவேண்டிய ஆள் என் மாமா, அம்மாவின் அண்ணன். பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மச்சான், ஊரு ஒலகத்துல இல்லாத புதுமையா இருக்கே இது" என்று ஆரம்பிப்பார். காப்பி ஆறும்வரை இருவரும் வாதாடுவார்கள். அந்த ஏப்ரலில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக்கு முன்னால் நான் வேதபாடம் வாசிக்கவேண்டும். தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டால் மாமா இனிப் பள்ளிக்கூடப் பேச்சையே எடுக்கமாட்டார். திணறினால் ஜூன் மாதம் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடவேண்டும். அம்மா உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பயம். ஆகையால் ஒரு வாரமாக வாசிக்கவேண்டிய அதிகாரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை அம்மா ஏழரைக்கே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து தையல்காரர் வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது. வர நேரமாகும் என்று எங்களுக்குக் கணக்குக் கொடுத்திருந்தாள். அப்பா டியூட்டி முடிந்து வந்து, சட்டையோடு பனியனையும் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு மணிக்கு உள்ளறையில் விழுந்தார். அந்த அறை வாசலில் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஒன்பதரை மணி வாக்கில் மேஜைமேல் இருந்த அவருடைய செல்போன் அடித்தது. வீட்டுக்கே அந்த ஒரு போன்தான்.

பேசியது எங்கள் உபதேசியார். போதகருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர், மணி அடிப்பது உட்பட. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு விஷயமாக அப்பாவிடம் பேசவேண்டும் என்றார்.

எனக்கு உடனே சட்டம் ஞாபகம் வந்தது. தூங்குகிறார் என்பது கொச்சை. இதற்கு வேதத்தில் நல்ல வார்த்தை இருந்தது. நானே அப்பாவிடம் பொருள் கேட்டு, அவர் "நித்திரைன்னா தூக்கம்" என்று சொல்லி, நோட்டில் ஐந்து முறை எழுதியும் இருந்தேன்.

"அப்பா நித்திரையடைந்துவிட்டார்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எப்பம்மா?"

"காலை எட்டு மணிக்கு."

"கர்த்தாவே... அம்மைய கூப்புடு தாயி."

"அம்மா கடைக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் போனபின்புதான் அப்பா வந்து படுத்தார்."

உபதேசியார் மூச்சு விடுவது கேட்டது. பெரிய மனிதரைக் காக்கவைக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் போய் எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் கண்ணு" என்றார். "இனி அப்பாவ நம்மால எழுப்ப முடியாதும்மா."

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். நைட் டியூட்டி முடிந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். "ஆம், முடியாது" என்று ஒத்துக்கொண்டேன். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள், பயப்படாதே, நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார். ஒரு வாசிப்புக்கு இவ்வளவு பேர் எதற்கு வருகிறார்கள் என்று யோசித்துவிட்டு வகுத்தல் கணக்குக்குத் திரும்பினேன்.

எங்கள் கோயிலில் ஆராதனைக்கு மணி அடித்தால் விடாமல் ஒலிக்கும். ஒன்று அடித்து, இடைவெளி விட்டு, இன்னொன்று அடித்தால் சபையில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். பத்து மணி வாக்கில் அப்படித்தான் அடித்தது. தையல்காரர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மாவும் அதைக் கேட்டிருக்கிறாள். முந்தானையைத் தலையில் போட்டு, இறந்தவரின் குடும்பத்துக்காக ஒரு நிமிடம் ஜெபித்திருக்கிறாள். பிறகு, யாரென்று கேட்டுப் போகலாம் என்று கோயில் கேட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். அவளைக் கண்டதும் உபதேசியார் மணிக்கயிற்றை விட்டுவிட்டார். வெகு நேரம் அந்தக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது என்று அம்மா சொல்வாள்.

அவர்கள் வந்தபோது நான் மூன்றாவது கணக்கில் இருந்தேன். மாமாவின் ஸ்கூட்டர், உபதேசியார், சபைப் பெண்கள் நாலைந்து பேர், நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அம்மா. காய்கறிப் பையை அவள் இன்னும் விடவில்லை. எதிர்வீட்டு அத்தை ஓடிவந்தாள். "காலேல பைக்குல வந்தாரே, மனுசன் நல்லாத்தான இருந்தாரு. செத்துப்போனாருன்னு சொல்லுதியளே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

செத்துப்போனார் என்ற சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. யார் என்று பார்த்தேன். எல்லோரும் எங்கள் உள்ளறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை வைத்துத்தான் அவர்கள் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை பெரியவர்கள், அதிலும் உபதேசியார், பொய்யா சொல்வார்கள்? நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் அப்பா இறந்துபோயிருக்கிறார் என்றே நம்பினேன். அழக்கூட வரவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் போனார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதண்ணே. நீ போய்ப் பாத்தேன்னா நெசமாயிரும்."

மாமா நின்றுவிட்டார். அழுதவர்களும் நிறுத்தினார்கள். அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்கறிப் பையைப் பார்த்துக்கொண்டு, பாடம் நடத்துகிற குரலில் பேசினாள்.

"பிள்ளைய ரெண்டையும் பள்ளிக்கூடத்துல சேத்துருண்ணே. நானும் வேலைக்குப் போயிருதேன். மூணு வருசமா இந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. அவங்ககிட்ட ஒரு நாளு சொன்னதில்ல. சொல்லிருக்கணும்."

கணவன் உள்ளே பிணமாகக் கிடக்க, வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் பேசுகிற பேச்சா இது என்று அந்தப் பெண்களின் முகங்கள் விறைத்துப்போயின. எனக்கு அவள் பேச்சு பாதி காதில் ஏறவில்லை. நான் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அதில் அப்பாவின் இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன.

மேஜை இருந்த மூலையிலிருந்து எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. வலது பெருவிரலில் கறுத்த நகம், பித்தவெடிப்பு, எல்லாம் அவருடையதுதான். செத்தவர் எப்படி நிற்கிறார் என்று நினைத்தேன். அப்பா என்று கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "மூணு வருசமா" என்று அம்மா சொன்னபோது அந்தக் கால்கள் இருந்தன. அவள் பேசி முடித்தபோதும் இருந்தன. பிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன.

அப்புறம் திரை விலகியது. வெறும் மேலோடு, லுங்கியை மடித்துக் கட்டியபடி அப்பா வந்தார். "என்ன கூட்டம்? யாருக்கு என்ன?" என்றார்.

எதிர்வீட்டு அத்தை அப்படியே சுவரில் சரிந்தாள். உபதேசியார் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. மாமா "மச்சான்" என்றார். அம்மா எழுந்தாள். பை கவிழ்ந்து தக்காளி உருண்டது. நேரே போய் அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே ஓலமிட்டு அழுதாள். அப்பா அவள் கையைப் பிடிக்கவில்லை. அடிக்கட்டும் என்று நின்றார்.

விசாரணையில் நான் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டேன். போனில் என்ன சொன்னேனோ அதைத் திரும்பச் சொன்னேன். உபதேசியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஏட்டி, நித்திரையடையுததுன்னா மண்டையப் போடுதது. ஒங்கப்பன் சொல்லித் தரலியா?" என்றார் மாமா. அப்பா குனிந்து தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கவில்லை. வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஜூன் மாதம் லீவு போட்டு, எங்கள் இருவரையும் பைக்கில் ஏற்றிப் போய், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று அட்மிஷன் பாரம் வாங்கினார். அம்மாவுக்கும் அங்கேயே வேலை கேட்டார். கிடைத்தது. மாமா காரணம் கேட்டதற்கு, "ஒரு வார்த்தைய ஒழுங்கா சொல்லிக் குடுக்கத் தெரியல. நான் என்ன வாத்தியாரு?" என்றார். அதைக் கேட்டு நான் ரகசியமாக அழுதேன். என் ஒரு வார்த்தையால் அப்பாவின் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்ற குற்றத்தைப் பல வருடம் சுமந்தேன்.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். மணிக்கயிறு ஆடியதிலிருந்து தக்காளி உருண்டதுவரை நடித்தே காட்டுவாள். வாசற்படியில் தான் பேசியது வரும்போது மட்டும் குரலைத் தணித்து, "புத்தி பேதலிச்சு என்னத்தையோ உளறிட்டேன். நல்ல வேள, இவுக நல்ல ஒறக்கத்துல இருந்தாக. ஒண்ணும் காதுல விழல" என்பாள். அப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டு, "ஆமா, நித்திரைதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அந்தக் கால்களைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. சட்டை போடாமல் அந்நியர் முன்னால் வரமாட்டார். வாசலில் ஆள் குரல் கேட்டு, இருட்டில் சட்டையைத் தேடிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் அன்று இரவு படுத்தபின் நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் நின்றவர் கடைசியில் சட்டை இல்லாமலே வெளியே வந்தார் என்பது எட்டு வயதில் எனக்கு உறைக்கவில்லை.